நடுக்கூடத்துக் கட்டில்

இலவம்பஞ்சு வியாபாரி ஒருவர் விட்டுப்போன சரக்குக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, போடியில் ஜெசிந்தா மாஸ்டர் கராத்தே சொல்லிக்கொடுத்து வந்தார். பஞ்சு போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் உத்தரத்து இடுக்குகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கீழே யாராவது அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பினால் மேலே ஒரு பிசிறு கழன்று, அவசரமே இல்லாமல் இறங்கும்.

கராத்தே பழகுகிறவர்கள் அந்த மாதிரிக் கூடத்தை டோஜோ என்பார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பஞ்சுக் கிட்டங்கி என்றே சொன்னார்கள்.

அங்கே பழக வந்தவர்களில் வயதில் மூத்தவர் சீலமுத்து. ஏலக்காய் வியாபாரி. ஐம்பதைத் தாண்டியவர். தலையில் ஒற்றைச் சாக்கைச் சுமந்து தொடங்கி, சொந்தக் கடை வைத்தவர். பள்ளிக்கூடம் அவரைப் படிக்கவைக்கவில்லை, சந்தைதான் அடித்துப் படிக்கவைத்தது. கத்தரிக்காய் வாங்கினாலும் பேரம் பேசுவார். கோயிலில் வேண்டிக்கொள்ளும்போதும் பேரம் பேசுவார்.

மாஸ்டருக்கு முப்பதுகூட ஆகவில்லை. முதல் நாள் சீலமுத்து அவரிடமே போய், "மாஸ்டர் எங்க பாப்பா?" என்று கேட்டார்.

"வருவாங்க. செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்கண்ணே."

எல்லாரும் வந்து வரிசையில் நின்ற பிறகு பாப்பாவே முன்னால் போய் நின்றார். சீலமுத்து எழுந்து கடைசி வரிசைக்குப் போனார்.

அவர் வந்த காரணம் ஊருக்கே தெரியும். ஏலக்காய் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசி முடிவாகச் சொன்னார்கள்: "இன்னொருக்கா கை நீண்டா, ஏலக் கூடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது." ஏலக் கூடம் இல்லையென்றால் அவருக்குப் பிழைப்பு இல்லை. கராத்தே பழகினால் கோபம் அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். வந்துவிட்டார்.

"கோவம் கொறைய எத்தனை மாசம் ஆகும் மாஸ்டர்?"

"எவ்வளவு இருக்கு?"

"நெறையா இருக்கு."

"அப்ப நெறைய மாசம் ஆகும்."

பத்து மாதம் போயிற்று. மஞ்சள் பெல்ட் வாங்கினார். வெளியே ஒரு இடத்திலும் கை நீளவில்லை. ஏலக் கூடத்தில் கொதித்து எழும்போதெல்லாம், 'பொறு, சாயங்காலம் கிட்டங்கிக்குப் போகணும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்த நினைப்பே ஒரு மூக்கணாங்கயிறு மாதிரி அவரைப் பிடித்து வைத்தது.

கடைசியில் கை அந்தக் கிட்டங்கிக்குள்ளேயே நீண்டுவிட்டது.

அன்றைக்கு இரண்டிரண்டு பேராகச் சண்டை பழகிக்கொண்டிருந்தார்கள். குத்து எதிராளியின் உடம்புக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம். சீலமுத்துவுக்கு ஜோடி, கண்ணாடிக் கடை அபுதாகிர். ஒல்லியான ஆள், வேகமான கை, அதைவிட வேகமான வாய். அவர் கை சீலமுத்துவின் காதோரம் மெல்ல வந்து நின்றது.

"என்னண்ணே, ஒரு தரம், ரெண்டு தரம்... முடிச்சிரவா ஏலத்தை?"

நாலு பேர் சிரித்தார்கள்.

சீலமுத்துவின் குத்து ஒரு சாண் முன்னால் நிற்கவில்லை. அபுதாகிரின் முன்பல்லில் பாதி தரையில் விழுந்தது.

மாஸ்டர் குனிந்து அந்தத் துண்டைத் தேடி எடுத்தார். கைக்குட்டையில் மடித்து அபுதாகிரிடம் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு சீலமுத்துவிடம் வந்தார்.

"பெல்ட்டைக் கழட்டுங்கண்ணே."

"தெரியாமப் பட்டிருச்சு மாஸ்டர்."

"உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். கைக்குத் தெரியும்."

"அவர் பல்லுக்கு நான் பொறுப்பு."

"பல்லுக்கு டாக்டர் பொறுப்பு. நீங்க கைக்குப் பொறுப்பா இருங்க."

சீலமுத்து பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். மாஸ்டர் அதை மடித்துத் தன் பையில் வைத்தார்.

"இனிமே இங்க வர வேண்டாம். வீட்டுல பழகுங்க. முதல் கட்டா மட்டும். தினமும்."

கட்டா என்பது தனியாகச் செய்வது. எதிராளி இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒரே வரிசையில் திரும்பி, தடுத்து, குத்தி முடிக்க வேண்டும். முதல் கட்டாவைச் சின்னப் பிள்ளைகள்கூட ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

"எம்புட்டு நாளைக்கு மாஸ்டர்?"

"மழை ஓயுற வரைக்கும்."

"எந்த மழை? சாரலா?"

"ஐப்பசி மழை."

"இப்பத்தான் ஆவணி பொறந்திருக்கு! அது எப்ப வந்து, எப்பப் பெஞ்சு, எப்ப ஓயுறது? ஒரு மாசம்னு முடிச்சுக்குவோம் மாஸ்டர்."

மாஸ்டர் பேசவில்லை.

"சரி, ஒன்றரை."

அதற்கும் பேசவில்லை. பேசாமல் நிற்கிறவரிடம் பேரம் பேசினால் விலை ஏறத்தான் செய்யும் என்பது சீலமுத்துவுக்குத் தெரியாததா? நிறுத்திக்கொண்டார்.

"மொட்டை மாடி காலியாக் கெடக்கு. அங்க வச்சு நல்லாப் பழகுறேன்."

"மாடி வேண்டாம். வீட்டுல எல்லாரும் புழங்குற எடம் எது?"

"நடுக்கூடம்."

"அங்க பழகுங்க. அங்க இருக்கிற எதையும் நகர்த்தக் கூடாது. ஒரு சொம்பைக்கூட."

"அது சின்னக் கூடம் மாஸ்டர். கால் வச்சாச் செவுரு இடிக்கும்."

"இடிக்கட்டும்."

சீலமுத்துவுக்குக் கழுத்து சூடேறியது. "அதே கட்டா. அதே கை, அதே காலு. இங்க பழகினா என்ன, வீட்டுல பழகினா என்ன? அப்படி என்ன வித்தியாசத்தைக் கண்டீங்க?"

"மழை ஓஞ்சதும் வந்து செஞ்சு காட்டுங்க. பார்த்துட்டு, நீங்க இந்தத் தரையில நிக்கலாமா வேண்டாமான்னு சொல்றேன்."

"வேண்டாம்னுட்டா?"

மாஸ்டர் குனிந்து வணங்கினார். அன்றைய வகுப்பு முடிந்தது.

* * *

வீட்டு நடுக்கூடத்தில் ஒரு கட்டில் கிடந்தது. அதில் அவர் மனைவி பவளக்கொடி படுத்திருந்தாள்.

பத்து நாளைக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் கீறல். மூன்று மாதம் படுத்தே இருக்க வேண்டும், உடம்பு குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கையறை மாடியில் இருந்தது. அதனால் கட்டிலைக் கீழே இறக்கிக் கூடத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து அவள் தங்கை வந்து பண்டுவம் பார்த்தாள்.

"ஏய்யா, வெள்ளன வந்துட்ட?"

"வீட்டுலயே பழகச் சொல்லிட்டாங்க."

பவளக்கொடி விட்டத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "யாரை அடிச்ச?"

சீலமுத்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அடிக்காம இருக்கப் பழகப்போன எடத்துல அடிச்சிட்டு வந்த ஆளு, இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தனாத்தான் இருப்ப."

மறுநாள் விடிந்ததும் கூடத்தில் நின்றார். ஒரு பக்கம் குளிர்சாதனப் பெட்டி. ஒரு பக்கம் தையல் மிஷின். நடுவில் கட்டில். நகர்த்தக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. அப்படியே நகர்த்தலாம் என்றாலும் பவளக்கொடியை எங்கே நகர்த்துவது?

இடப்பக்கம் திரும்பித் தடுத்தார். முட்டி தையல் மிஷினில் இடித்தது. வலப்பக்கம் திரும்பினார், முழங்கை சுவரில் உரசியது. முதல் கட்டாவில் நேராக மூன்று எட்டு வைத்து மூன்று குத்து விடுகிற இடம் ஒன்று உண்டு. மூன்றாவது குத்தோடு அடிவயிற்றிலிருந்து குரல் வர வேண்டும். அந்த மூன்றாவது எட்டு கட்டிலின் தலைமாட்டில் போய் முடிந்தது.

கத்தினார். ஏலக் கூடத்தையே திரும்பிப் பார்க்க வைக்கிற தொண்டை அது.

தூங்கிக்கொண்டிருந்த பவளக்கொடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் அலறவில்லை. கண் திறப்பதற்கு முன்னாலேயே இரண்டு கைகளும் எழுந்து முகத்துக்குக் குறுக்கே வந்து நின்றன.

சீலமுத்து குத்தை நீட்டியபடியே நின்றார்.

அவளை அவர் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. 'என் வீட்டுல கேட்டுப் பாரு, ஒரு அடி அடிச்சிருப்பனா?' என்று எத்தனையோ பேரிடம் மார்தட்டியிருக்கிறார். அடிக்காத ஆளைக் கண்டு அந்தக் கைகள் ஏன் அப்படி எழும்ப வேண்டும்? கத்தியிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து கத்தியிருக்கிறார். கத்துகிற நேரத்தில் இவள் கை எங்கே இருந்தது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"வலிக்குதா?"

"பிடிச்சிக்கிச்சு. தானா விட்டுரும். நீ செய்யி."

"இன்னைக்கிப் போதும்."

அடுத்த நாளும் கட்டா செய்தார். குரலை விழுங்கிக்கொண்டார். மூன்றாவது எட்டைப் பாதியாக வைத்து, கட்டில் காலைச் சுற்றிக் கொஞ்சம் வளைந்து போனார். குத்து தலைமாட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நிற்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்தினார்.

அதற்கடுத்த நாளும் அப்படியே. நாள் போகப் போகக் கால் தானாக வளைந்தது.

ஏலக்காய் எடுக்க மலைக்குப் போனவர், நடுவில் இரண்டு நாள் கட்டாவை விட்டுவிட்டார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளாக் கூத்தைக் காணோமே," என்றாள் பவளக்கொடி.

"அலைச்சல். ஒடம்பு முடியல."

"எனக்குந்தான் முடியல. நான் என்ன எந்திரிச்சு ஓடிட்டனா? தெனமும் கெடக்குறேன்ல?"

சீலமுத்து பாதிச் சோற்றில் அவளை நிமிர்ந்து பார்த்தார். சாப்பிட்டு, கொஞ்ச நேரம் விட்டு எழுந்து, அன்றைக்குக் கட்டாவைச் செய்தார். பிறகு விடவில்லை. காய்ச்சல் கண்ட நாளில்கூட, நோயாளி மாதிரி மெதுவாகச் செய்துவிட்டுத்தான் படுத்தார்.

பார்த்துப் பார்த்துப் பவளக்கொடிக்கும் கட்டா மனப்பாடம் ஆகிவிட்டது. படுத்தபடியே குறை சொன்னாள்.

"திரும்பையில ஒன் கண்ணு கையைப் பாக்குது. எதிர்ல ஆளைப் பாக்க மாட்டேங்குது."

"ஆளே இல்லையேடி. சும்மா நெனச்சுக்கிற வேண்டியதுதான்."

"நான் இருக்கேன்ல?"

சீலமுத்து திரும்பவும் முதலிலிருந்து செய்தார்.

ஐப்பசி பிறந்தது. மலையில் மேகம் கவிழ்ந்து கிடந்தது. ஈரச் சரக்கைக் காய்ந்த சரக்கோடு கலந்து கொடுத்து ஒருவன் ஏமாற்றிவிட்டான். சீலமுத்து போனைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். முகம் சிவந்து கிடந்தது. வாயைத் திறந்தார். கட்டில் கண்ணில் பட்டது. அவள் கைகளைப் பார்த்தார். அவை போர்வைக்கு மேலே, சும்மா கிடந்தன.

"நாளைக்கிப் பேசுவோம்ப்பா," என்று சொல்லிப் போனை வைத்தார். அந்தப் பக்கம் இருந்தவன் பயந்துபோய் இரண்டு தடவை திருப்பி அழைத்தான்.

சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நின்றார். கட்டா முடிந்ததும் பவளக்கொடி கேட்டாள்:

"ஏய்யா, அந்தக் கடைசிக் குத்துல கத்தணும்ல? மொத நாளு கத்துன. இப்பக் கத்துறதே இல்ல."

"மறந்திர்றேன்."

"நீ? கத்த மறந்துட்ட?" பவளக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகு வலித்தது. வலியோடு சிரித்தாள். "ஏ தங்கச்சி, இங்க வாடி! ஒங்க மாமா கத்த மறந்துட்டாராம். தண்டோரா போடச் சொல்லு."

* * *

கார்த்திகையில் மழை ஓய்ந்தது. பவளக்கொடி தலையணையில் சாய்ந்து உட்காரத் தொடங்கியிருந்தாள். சீலமுத்து வெள்ளை உடுப்பைத் துவைத்து, பெல்ட் இல்லாமல் கட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார்.

வாசலிலேயே அபுதாகிர் நின்றார். புதுப்பல் மற்ற பல்லையெல்லாம்விட வெளுப்பாக இருந்தது. பல் உடைந்த மறுநாளே சீலமுத்து கண்ணாடிக் கடைக்குப் போய்க் கைகூப்பி நின்றுவிட்டு வந்திருந்தார். அன்றைக்கு அபுதாகிர் வாயில் பஞ்சு இருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொன்னார்:

"வாங்கண்ணே. இது புதுசா இருக்கிறதுல பக்கத்துப் பல்லு பழசாத் தெரியுது. அதையும் தட்டி விட்டீங்கன்னா ஜோடி சேந்துரும்."

சீலமுத்துவால் சிரிக்க முடியவில்லை. மாஸ்டர் வேண்டாம் என்றுவிட்டால்? சாயங்காலம் போவதற்கு ஒரு கிட்டங்கி இல்லாவிட்டால், ஏலக் கூடத்தில் எதை நினைத்துக்கொண்டு கையைக் கட்டி வைப்பது?

எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் நடுத்தரையைக் காட்டினார்.

"செய்ங்கண்ணே."

அவ்வளவு பெரிய தரை. மாட்டுவண்டியையே திருப்பலாம். அதன் நடுவில் சீலமுத்துவின் கட்டா எட்டடிக் கூடத்துக்குள் நடந்தது. இடப்பக்கம் திரும்பும்போது, இல்லாத தையல் மிஷினுக்குப் பயந்து முட்டி மடங்கியது. வலப்பக்கம், இல்லாத சுவருக்கு முழங்கை ஒடுங்கியது. மூன்றாவது எட்டு பாதியாக விழுந்து, வெறுந்தரையில் எதையோ சுற்றி வளைந்தது. குத்து பாதியில் நின்றது. குரல் வரவில்லை. உத்தரத்திலிருந்து ஒரு பிசிறுகூட விழவில்லை.

சுவரோரத்தில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"இன்னொருக்கா," என்றார் மாஸ்டர்.

இந்த முறை காலை அகலமாக வைக்க வேண்டும் என்று மனதுக்குள் கட்டளை போட்டுக்கொண்டு தொடங்கினார். கால் கேட்கவில்லை. கத்த வாயைத் திறந்தார். தொண்டை கேட்கவில்லை. அதே வளைவு. அதே பாதிக் குத்து.

கழுத்து சூடேறியது. காது மடல் வரைக்கும் ஏறியது.

"கெட்டுப்போச்சு மாஸ்டர்! நல்லாயிருந்த சரக்கு கெட்டுப்போச்சு. இங்க பழகுனவரைக்கும் எனக்குக் காலு ஒழுங்கா விழுந்துச்சு. எதையும் நகர்த்தாதீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒங்க பேச்சைக் கேட்டு, காய்ச்சல்லகூட விடாமச் செஞ்சு, இருந்த கட்டாவையும் தொலைச்சிட்டு நிக்கிறேன். வீடு கெடுத்திருச்சு!"

சொல்லும்போது அவர் சத்தம் உயரவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. மாஸ்டர் கவனித்தார்.

"அந்த மூணாவது எட்டுல என்ன இருக்கு?"

"கட்டில்."

"யாரு படுத்திருக்கா?"

"வீட்டுக்காரி. விழுந்துட்டா. முதுகுல அடி."

"எப்ப?"

"நீங்க என்னைய அனுப்புறதுக்குப் பத்து நாள் முன்னாடி."

"என்கிட்டச் சொல்லலையேண்ணே."

"நீங்க கேக்கலையே."

மாஸ்டர் அந்த மூன்றாவது எட்டு விழுந்த இடத்துக்குப் போய் நின்றார். பிறகு கேட்டார்: "தலை எந்தப் பக்கம்?"

சீலமுத்து கையால் காட்டினார்.

"படுத்தேவா இருக்காங்க?"

"இப்பத் தலகாணியில சாஞ்சு உக்காருறா."

மாஸ்டர் சுவரோரம் கிடந்த இரண்டு பெஞ்சுகளை இழுத்து வந்து, அவர் காட்டிய இடத்தில் சேர்த்துப் போட்டார்.

"அபுதாகிர் அண்ணே, வாங்க. இதுல காலை நீட்டி உக்காருங்க. தலை இந்தப் பக்கம்."

அபுதாகிர் எழுந்திருக்கவில்லை. "மாஸ்டர், எனக்கு மிச்சம் இருக்கிற பல்லை நம்பித்தான் எங்க வீட்டுல கறி எடுக்கிறாங்க."

"வாங்கண்ணே."

அவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்பில் கட்டினார், பிறகு அவிழ்த்து மடியில் வைத்தார்.

"இப்பச் செய்ங்க," என்றார் மாஸ்டர் சீலமுத்துவிடம்.

சீலமுத்து வணங்கித் தொடங்கினார். இடப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் திரும்பினார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கோணலாகத் தெரிந்ததெல்லாம் பெஞ்சைப் போட்டதும் நேராகத் தெரிந்தது. கால் விழுந்த இடம் ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி இருந்தது.

முதல் குத்து. இரண்டாவது குத்து. அபுதாகிர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது எட்டு பாதியாக விழுந்து, பெஞ்சுக் காலைச் சுற்றி வளைந்தது. முழு வேகத்தில் கிளம்பிய குத்து அபுதாகிரின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது.

சீலமுத்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார்.

இரண்டும் அபுதாகிரின் மடியிலேயே கிடந்தன.

அபுதாகிர்தான் முதலில் மூச்சு விட்டார்.

"காத்து மட்டுந்தான்ணே பட்டுச்சு," என்றார். பிறகு எழுந்து, பெஞ்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

தரை மறுபடியும் வெறுமையானது. சீலமுத்து அதன் நடுவில் தனியாக நின்றார். ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. லாபமா நஷ்டமா என்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பேரம்.

"மாஸ்டர், ஒரு வாரம் குடுங்க. அடுத்த வாரத்துலருந்து அவ எந்திரிச்சு நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. கட்டிலைத் தூக்கி மாடியில போட்டுர்றோம். கூடம் விஸ்தாரமாயிரும். காலை அகட்டி வச்சுப் பழகி, எல்லாத்தையும் சரிபண்ணிக் கொண்டாந்திர்றேன். அதுக்குள்ள வேண்டாம்னு சொல்லிறாதீங்க."

மாஸ்டர் தன் பையைத் திறந்தார். ஆவணியில் மடித்து வைத்த மஞ்சள் பெல்ட்டை எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டினார். சீலமுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"கட்டிலை எடுக்கப்போறீங்களாண்ணே?"

"ஆமா மாஸ்டர். எடுத்திர்றோம்."

மாஸ்டர் அந்த வெறுந்தரையைப் பார்த்தார்.

"வீட்டுல கெடக்கிறதை எடுத்திருங்க. இங்க கொண்டாந்து போட்டிருக்கீங்கல்ல, அதை எடுத்திறாதீங்க."